பூவாயியின் சிலேட்டு

குருவுக்கு வயது முப்பத்தெட்டு, சீடருக்கு ஐம்பத்தொன்று. சிரிக்க வேண்டாம், உலகத்தில் அப்படியும் நடக்கும்.

வைத்திலிங்கம் வாத்தியார் இருபது வருஷம் பாடம் நடத்திய பிறகுதான் சர்க்கார் உத்தரவுப்படி டவுனுக்குப் போய்ப் பயிற்சி எடுத்தார். அந்தப் பயிற்சிப் பள்ளியை நடத்தியவர் மரகதவல்லி அம்மாள். ‘இந்தப் பொம்பளை எனக்கு என்னத்தைச் சொல்லிக் கொடுத்துவிடப் போகிறாள்’ என்று முதல் நாள் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்தவர், வருஷக் கடைசியில் அந்த அம்மாள் சொன்னால் மறுபேச்சு இல்லை என்று ஆகிப்போனார். ஊருக்குத் திரும்பிய பிறகும் சந்தேகம் என்று ஒன்று வந்துவிட்டால் பஸ் ஏறிவிடுவார்.

ஒரு சனிக்கிழமை அப்படித்தான் போய் நின்றார். சட்டைப் பையில் ஒரு கடுதாசி.

“என்ன வாத்தியாரே, முகமே சரியில்லையே?”

“இதை இன்ஸ்பெக்டருக்கு அனுப்பலாமாம்மா? நீங்க பார்த்துச் சொல்லணும்.”

அம்மாள் வாசித்தார். பூவாயி என்ற சிறுமிக்கு ஆறு மாதமாகியும் எழுத்துப் பிடிபடவில்லை. ஆகவே அவளை நாலு மைல் தள்ளி வேறொரு ஊரில் இன்னும் மூடாமல் இருக்கும் சேரிப் பிள்ளைகளின் தனிப் பள்ளிக்கு மாற்றலாம். கடுதாசியின் சாரம் இவ்வளவுதான்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த காலம் அது. அதுவரை வைத்திலிங்கத்தின் ஊரில் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, சேரிப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி. இரண்டையும் ஒன்றாக்கு என்று உத்தரவு வந்ததும் ஊர் தாம் தூம் என்று குதித்தது. வைத்திலிங்கம் அசையவில்லை. “உத்தரவுன்னா உத்தரவுதான்” என்று பெரிய தலைகளின் முகத்துக்கு நேராகவே சொன்னார். வந்த பிள்ளைகளை முதல் வரிசையில் உட்கார வைத்தார். எல்லாருக்கும் ஒரே பானைத் தண்ணீர். நியாயமாகச் சொல்ல வேண்டும், மனுஷன் கோழை இல்லை.

ஒன்பது பேர் வந்தார்கள். வயல் வேலை கிடைக்காது என்ற மிரட்டலில் எட்டுப் பேர் நின்றுபோனார்கள். பூவாயி மட்டும் நிற்கவில்லை. அவள் அம்மா எதற்கும் மசியவில்லை.

“நான் என்னம்மா குறை வைச்சேன்?” என்றார் வைத்திலிங்கம். “அவ மண்டையில ஒண்ணுமே ஏற மாட்டேங்குது. ‘அதுகளுக்குப் படிப்பு வராது, அப்பவே சொன்னோமே’ன்னு ஊர்ல சிரிக்கிறாங்க. சில நேரம் எனக்கே, அது நெசம்தானோன்னு...”

அவருக்கே அந்தப் பேச்சு பிடிக்கவில்லை.

ஏழு வயதுப் பிள்ளை நாலு மைல் நடக்குமா? ஆடு மேய்க்கத்தான் போகும். அந்தப் பிள்ளை போய்விட்டால் அந்தத் தெருவிலிருந்து இன்னொரு பிள்ளை பள்ளி வாசலை மிதிக்காது. இருவருக்கும் அது தெரியும்.

“வியாழக்கிழமை நான் வர்றேன். அதுவரைக்கும் கடுதாசி உங்க பையிலேயே கிடக்கட்டும்” என்றார் அம்மாள்.

வியாழக்கிழமை காலையிலிருந்தே தூறல். அம்மாள் குடையை மடக்கி மூலையில் சாத்தினார். ஒரு சிலேட்டும் பலப்பமும் கேட்டு வாங்கிக்கொண்டு, பூவாயிக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரித்தன.

“ஐயோ, நாற்காலி இருக்கேம்மா!”

“இன்னிக்கு நானும் ஒண்ணாங்கிளாஸ். நீங்க நடத்துங்க.”

வைத்திலிங்கம் போர்டில் ‘ஞ’ எழுதினார். பிறகு வழக்கம்போல வரிசை வரிசையாக வந்தார். எழுத்து கோணினால் உள்ளங்கையால் அழித்தார். பின்னால் குந்தி உட்கார்ந்து, பிஞ்சு விரல்களைத் தன் கைக்குள் பொத்திக்கொண்டு இழுத்தார். “அடேய் மக்கு, இது எழுத்துடா, ஏர் இல்லை. மெதுவா, மெதுவா... அப்படி!” திட்டும் பாசமும் சரிபாதியாகத்தான் வரும் அவரிடம்.

அம்மாளிடம் வந்தார். அம்மாள் பலப்பத்தை இடது கையில் பிடித்திருந்தார். எழுத்து கண்டபடி கோணிக் கிடந்தது.

“சுழியில ஆரம்பிங்கம்மா. அப்படியே மேலே கொண்டு போங்க.”

“வரலையே.”

“போர்டைப் பார்த்து எழுதுங்கம்மா.”

“பார்க்கத்தான் பார்க்கிறேன். கை போக மாட்டேங்குது.”

மூன்று தரம் சொன்னார். மூன்று தரமும் கோணல்தான். வைத்திலிங்கம் சங்கடத்தோடு நகர்ந்தார். நகரும்போதே, “பூவாயி, நீயும் அப்படித்தான். போர்டைப் பாரு” என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போனார்.

இடைவேளை மணி அடித்தது. பிள்ளைகள் தாழ்வாரத்துக்கு ஓடின. “நீ இரும்மா” என்று பூவாயியை மட்டும் நிறுத்திக்கொண்டு, அம்மாள் எல்லாச் சிலேட்டுகளையும் தரையில் பரப்பினார்.

“பாருங்க வாத்தியாரே.”

பார்த்தார். ஒவ்வொரு சிலேட்டிலும் அவர் உள்ளங்கை அழித்த வெள்ளைத் தீற்றல். ஓரத்தில் பெருவிரல் பதிந்த தடம். இரண்டு சிலேட்டுகள் மட்டும் கோணல் எழுத்தோடு அப்படியே இருந்தன.

“இந்த ரெண்டும் யாருது?”

“ஒண்ணு உங்களுது. ஒண்ணு பூவாயியோடது.”

“என் கையை ஏன் பிடிச்சு எழுத வைக்கலை?”

“என்னம்மா கேள்வி இது? நீங்க எனக்குக் குரு. உங்க கையைப் போய் நான் தொடுவேனா? மரியாதைன்னு ஒண்ணு இல்லையா?”

“சரி. எனக்கு மரியாதை. இவளுக்கு?”

வைத்திலிங்கம் ஆறு மாதத்தை மனசுக்குள் புரட்டிப் பார்த்தார். ஒரு நாளாவது? ஒரே ஒரு நாளாவது? இல்லை. வேண்டுமென்று செய்ததில்லை, சத்தியமாக இல்லை. கை தன் போக்கில் விலகிப் போயிருக்கிறது. பெரிய தலைகளை எதிர்த்து நின்ற பெருமையில் அதை அவர் பார்க்கவே இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

பூவாயிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். கையை நீட்டினார்.

“வா தாயி. கையைக் கொடு, எழுதலாம்.”

பூவாயி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

“வேணாங்கய்யா.”

“ஏன், பயமா இருக்கா?”

“இல்லீங்கய்யா. என்னைத் தொட்டா நீங்க குளிக்கணுமே. வெளியில மழை பெய்யுது. உங்களுக்குச் சளி பிடிச்சுக்கும்.”

அவள் குரலில் குறையும் இல்லை, கோபமும் இல்லை. மெய்யான அக்கறை. அதுதான் அவரைக் கொன்றது.

“யாரு தாயி உனக்கு இப்படிச் சொன்னது? உங்க அம்மாவா?”

“யாரும் சொல்லலீங்கய்யா.”

வைத்திலிங்கம் திரும்பி அம்மாளைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

“யாரும் சொல்லாம இது எப்படிம்மா இவளுக்குத் தெரிஞ்சது?”

“ஆறு மாசமா மண்டையில ஒண்ணுமே ஏறலைன்னீங்களே வாத்தியாரே” என்றார் மரகதவல்லி அம்மாள். “நீங்க வாயைத் திறக்காம நடத்தின பாடம், ஓர் எழுத்துப் பிசகாம ஏறியிருக்கு பாருங்க.”

வைத்திலிங்கம் நீட்டிய கையை மடக்கவில்லை.