நீராவி தேர்ந்தெடுத்த சுவர்

முன்னொரு காலத்தில், எந்த வரைபடத்திலும் இடம்பெறாத ஒரு நாட்டில், அரசர் மகுடவர்மருக்குத் திடீரென்று ஓர் ஆசை பிறந்தது. நீராடும் அறையின் சுவர்கள் புதிதாக மின்ன வேண்டும்! ஆவி பட்டுப் பட்டுப் பழைய வண்ணம் உரிந்து, குளிக்கும் நேரத்தில் அவர் தலைமேலேயே உதிர்ந்துகொண்டிருந்தது.

அரண்மனைக் கட்டட அதிகாரி அதிவீர மாராயர், பசையில் குழைத்த வண்ணத்தால் ஒரு சுவர் நிறைய நீல மயில் தீட்டச் செய்தார். அது ஈரம் தாங்காது என்று சொன்ன அரண்மனை விகடக்காரி பூங்கோதை, எதிர்ச்சுவரில் சுண்ணாம்போடு முட்டை வெள்ளையைக் கலந்து பூசி, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றச் சொன்னாள். அதில் படம் ஒன்றும் இல்லை, வெறும் வெள்ளை. இரண்டும் நன்றாகக் காய்ந்தபின் அரசவை கூடியது.

"விகடம் பேசுகிறவளுக்குச் சுவரைப் பற்றி என்னம்மா தெரியும்?" என்றார் மாராயர். "மன்னா, தன் சுவர்தான் ஈரம் தாங்கும் என்கிறாள். இன்றே நிரூபிக்கட்டும். ஆனால் என் மயில்மேல் ஒரு துளி தண்ணீரை ஊற்றவோ தெளிக்கவோ கூடாது. ஈரத்துணியும் படக்கூடாது. தோற்றால் அவையை விட்டே போகட்டும்!"

மயில் கெட்டுவிடுமோ என்று அரசருக்கும் பயம். "அப்படியே ஆகட்டும்" என்றார்.

அவையை விட்டுப் போனாலும் பூங்கோதைக்குச் சோற்றுக்கு வழி உண்டு. ஆனால் பிறர் சிரிப்பதைக் கேட்டால்தான் தான் இருப்பதே அவளுக்கு உறுதியாகும். சிரிக்க ஆளில்லாத வீட்டில் தான் யாராக இருப்போம்? அந்தக் கேள்வி எழுந்த அதே கணத்தில் யோசனை பளிச்சிட்டது!

"சம்மதம், மன்னா! அவையோர் எல்லாரும் நீராடும் அறைக்கு வரட்டும். கொதிக்கும் வெந்நீர் அண்டாக்களும் வரட்டும். கதவைச் சாத்திவிடுவோம்."

சாத்தினார்கள். ஆவி குபுகுபுவென்று எழுந்தது. பட்டுச் சால்வைகள் உடம்போடு ஒட்டின. "மூச்சு முட்டுதே!" என்று ஒருவர் அலறினார். யாரும் மயிலை நெருங்காதபடி மாராயர் இரு கைகளையும் விரித்து அதன்மேல் சாய்ந்து நின்றார்.

வெள்ளைச் சுவரில் நீர் முத்துமுத்தாய்த் திரண்டு வழிந்தது. சுவர் இன்னும் பளபளத்தது. எதிரே மயிலின் கழுத்து நீண்டது, கண் வழிந்தது, தோகை தரைக்கு இறங்கியது. மாராயர் பதறித் திரும்பினார். முகத்தைத் துடைத்தார். தாடி முழுக்க நீலம்!

"தண்ணீர் ஊற்றிவிட்டாள், மன்னா!"

"எந்தக் குடத்தால் ஐயா ஊற்றினேன்? தண்ணீர் தானாக எழுந்து வந்து உங்கள் மயிலைத் தொட்டால் நான் என்ன செய்ய? மன்னர் குளிக்கும்போது மட்டும் அது அண்டாவுக்குள்ளேயே இருக்குமா?"

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். "நான்கு சுவருக்கும் வெள்ளைதான்!"

"இன்னொன்று, மன்னா. ஆவி வெளியேறாவிட்டால் எந்தப் பூச்சும் ஒருநாள் கெடும். இங்கே ஏன் ஒரு சன்னல்கூட இல்லை?"

அரசர் சிரிப்பு நின்றது. அவள் காதருகே குனிந்தார். "நான் குளிக்கும்போது பாடுவேன், பூங்கோதை. யாராவது கேட்டுச் சிரித்துவிட்டால்?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிப்புக்காக ஏங்கும் தன் மனமும், சிரிப்புக்கு அஞ்சும் அந்த மனமும் அவளுக்கு அக்காள் தங்கையாகத் தெரிந்தன. கேலி செய்ய நா எழவில்லை.

"அப்படியென்றால் பெரிய சன்னலாகவே வைப்போம், மன்னா. முதலில் நான் கேட்கிறேன்."

அரசர் முன்னைவிடப் பலமாகச் சிரித்தார். உடனே கொத்தனார் வந்து உளியை வைத்தார். முதல் செங்கல் பெயர்ந்து விழுவதற்குள் அரசர் பாடத் தொடங்கிவிட்டார்.