கடைத்தெருவுக்குக் குடை பிடித்த கதை

வட்டக்குளம் என்று ஒரு ஊர். குளம் என்னவோ சதுரமாகத்தான் இருக்கிறது. வெளியூர்க்காரர் யாராவது அதைச் சொல்லிவிட்டால் போதும். "சுத்தி நடந்து பாருங்க, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருவீங்க. அப்புறம் அது வட்டமில்லாம என்னவாம்?" என்று கேட்பார்கள். வந்தவர் வாயை மூடிக்கொண்டு ஊர் போய்ச் சேருவார்.

அந்த ஊருக்கு நடுவில் ஒரு கடைத்தெரு. பைபாஸ் ரோடு போட்டாலும் போட்டார்கள், ஜனமெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது. தெருவில் மிஞ்சியது ஒன்பது கடை. அதில் ஒன்று கோதண்டத்தின் குடைக்கடை.

கோதண்டம் தங்கமான மனுஷன். பொய் சொல்லத் தெரியாது, அதுதான் வியாபாரத்துக்கு இடைஞ்சல். கடைசியாகக் குடை கேட்டு ஒருவர் வந்தது ஆடி மாதம். கோதண்டம் வெளியே எட்டி வானத்தைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு மழை வர்ற மாதிரி தெரியலீங்களே, எதுக்கு வீணா தூக்கிச் சுமக்கறீங்க?" என்று அன்பாகச் சொல்லி அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு ஒரு ஈ காக்காய் அந்தப் படி ஏறவில்லை. முப்பத்திரண்டு குடைகளும் வளைந்த பிடியோடு வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

அவர் பெண்டாட்டி செண்பகம் எத்தனை நாள்தான் பொறுப்பாள்? அவள் தம்பி பைபாஸில் பெரிய ஓட்டல் வைத்திருக்கிறான். ரோட்டில் போகிற பஸ்ஸையெல்லாம் விசில் ஊதிக் கையைக் காட்டி உள்ளே இழுக்க அவனுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. நீலக் கோட்டு, தொப்பி, விசில் எல்லாம் வீட்டுக்கே வந்துவிட்டன. செண்பகம் கோட்டை இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டினாள்.

"ஏங்க, இந்த ஐப்பசி முடியறதுக்குள்ள ஒரே ஒரு குடை வித்துக் காட்டுங்க. நான் வாயே திறக்கல. விக்கலையா, கார்த்திகை ஒண்ணாம் தேதி இதை மாட்டிக்கிட்டுக் கிளம்புங்க."

விசில் ஊதுவதில்கூட கோதண்டத்துக்கு ஆட்சேபணை இல்லை. மச்சினன் கார் உள்ளே வரும்போதெல்லாம் சல்யூட் அடிக்க வேண்டுமாம். கல்யாணத்தில் காலைக் கழுவி மாலை போட்ட மச்சினனுக்கு சல்யூட்டா! நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் வியாபாரிகள் சங்கம் ஒரு நிபுணரை வரவழைத்தது. சங்கத்தின் தலைவர் பாத்திரக்கடை கனகசபாபதி. நிபுணர் பெயர் நிரஞ்சன், சென்னைக்காரர். அமெரிக்காவில் ஒரு ஊரில் படுத்துக் கிடந்த கடைத்தெருவை எழுப்பி உட்கார வைத்தவர்களோடு நாலு வருஷம் வேலை பார்த்தவராம். முன்னே எடுத்த போட்டோ, பின்னே எடுத்த போட்டோ என்று காட்டினார். பின்னே எடுத்ததில் தேரோட்டம்போல கூட்டம்.

"மூணே விஷயம்தான்" என்றார் நிரஞ்சன். "ஒண்ணு, ஜனங்க உட்கார பெஞ்ச் போடுங்க. பெஞ்ச் காலியா கிடந்தா தெருவே செத்துப்போன மாதிரி தெரியும், அதனால எப்பவும் அதுல ஆள் இருக்கணும். ரெண்டு, ஒரு நாளாவது நீங்களே வாங்க வர்றவங்களா இருந்து பாருங்க, குறை என்னன்னு புரியும். மூணு, தெருவுக்கு நிழல் வேணும். வெளிநாட்டுல குடைகளை விரிச்சு தெரு மேல வரிசையா தொங்க விடறாங்க. அதைப் பார்க்கவே கூட்டம் வருது."

குடை என்ற சொல் காதில் விழுந்ததும் கோதண்டம் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார்.

"ஐப்பசி கடைசி நாள் வந்து பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டு நிரஞ்சன் கார் ஏறினார். நம்மவர்கள் அன்று சாயங்காலமே ஆளுக்கொரு நோட்டில் மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டார்கள்.

முதலில் பெஞ்ச். நாலு பேர் உட்காரும்படி இரண்டு செய்து தெருவில் போட்டார்கள். போட்டதும் தலைவர் கவலைப்பட்டார்.

"எப்பவும் ஆள் இருக்கணும்னாரே. ஜனம் வர்ற வரைக்கும் யார் உட்காருறது?"

"நாமதான்" என்றார் நூல், பொத்தான் கடை அம்மையப்பன். "ரெண்டு பெஞ்சுக்கு எட்டுப் பேர். மீதி ஒருத்தர் யாரும் எழுந்திருக்காம பார்த்துக்கட்டும்."

அந்தப் பொறுப்பு கோதண்டத்துக்கு வந்தது. காலை எட்டு மணிக்கு எட்டுப் பேரும் கடையைத் திறந்து வைத்துவிட்டு பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். பத்து மணிக்குத் தையல்கார மேரி வந்தாள்.

"அண்ணே, நீல நூல்கண்டு ஒண்ணு குடுங்க."

"குடுக்கலாம்மா. ஆனா நான் எழுந்தா இந்த இடம் காலியாயிடுமே" என்றார் அம்மையப்பன். "நீ கொஞ்சம் இங்க உட்காரு, நான் போய் எடுத்தாறேன்."

மேரி உட்கார்ந்தாள். அவர் எடுத்து வந்தார். மேரி எழுந்தாள், அவர் உட்கார்ந்தார். நூலைப் பார்த்துவிட்டு, "இது வெளிர் நீலம்ணே, எனக்குக் கெட்டி நீலம் வேணும்" என்றாள் அவள். "அப்ப மறுபடி உட்காரு" என்றார் அவர். கெட்டி நீலம் வந்தபோது அது பட்டுநூலாக இருந்தது. மறுபடி உட்கார்ந்தாள். நாலாவது தடவை மேரிக்குப் பொறுமை போய்விட்டது.

"நான் நூல் வாங்க வந்தேனா, உங்க இடத்தைக் காக்க வந்தேனா?" என்று முந்தானையை உதறிக்கொண்டு பைபாஸ் பக்கம் நடையைக் கட்டினாள்.

"போனா போகட்டும்" என்றார் அம்மையப்பன், உட்கார்ந்தபடியே. "பெஞ்ச் ஒரு நொடி காலியா இருந்துச்சா, சொல்லுங்க!"

இல்லவே இல்லை என்று கோதண்டம் சாட்சி சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை, வாங்க வருகிறவர்களாக இருந்து பார்க்கும் நாள். கோதண்டம் வெள்ளை வேட்டி கட்டி, கையில் பையோடு, குடம் வாங்கும் எண்ணத்தில் கனகசபாபதியின் பாத்திரக்கடைக்குப் போனார். கடையில் ஆளில்லை. "தலைவரே!" என்று கூப்பிட்டார். குடத்தைத் தட்டிப் பார்த்தார். ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தார். மத்தியானம் பசி காதை அடைத்தது. வாங்க வந்தவர் வாங்காமல் போகலாமா என்று சாயங்காலம்வரை அங்கேயே கிடந்தார்.

ஐந்து மணிக்கு சங்கம் கூடியது. ஒவ்வொருவர் முகமும் கடுகடுவென்று இருந்தது.

"குறை புரிஞ்சு போச்சு" என்றார் தலைவர். "இந்தத் தெருவுல எந்தக் கடைக்குப் போனாலும் முதலாளி இருக்கறதில்ல. அப்புறம் ஜனம் எப்படி வரும்?"

"என் வாயிலேர்ந்து பிடுங்கின மாதிரி சொன்னீங்க" என்றார் கோதண்டம். "காலையிலேர்ந்து உங்க கடையிலதான் காத்துக் கிடந்தேன்."

"நான் உம்ம கடையிலய்யா காத்துக் கிடந்தேன்! என் குடை கம்பி முறிஞ்சு போச்சு, நிசமாவே ஒண்ணு வாங்கலாம்னுதான் வந்தேன். நாலு மணிவரை பார்த்தேன். பொறுமை போய், பைபாஸ்ல ஒண்ணு வாங்கிட்டு வந்துட்டேன்."

அதோ, தலைவர் நாற்காலிக்குப் பக்கத்தில் பூப்போட்ட புதுக்குடை சாய்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் கோதண்டத்துக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து செண்பகத்திடம் சொன்னார். அவள் நீலக் கோட்டை ஆணியிலிருந்து எடுத்தாள். கோட்டில் ஒரு பொத்தான் தளர்ந்திருந்தது, அதை இறுக்கித் தைத்தாள்.

ஐப்பசி முடிய நாலு நாள் இருந்தபோது நிழலுக்கு வந்தார்கள். கோதண்டம் முப்பத்திரண்டு குடையையும் தூக்கிக் கொடுத்தார்.

"எல்லாத்தையும் மேல கட்டிட்டா கீழ எதை விப்பீங்க?" என்று கேட்டாள் செண்பகம்.

"முதல்ல கூட்டம் வரட்டும் செண்பகம். கூட்டம் வந்தா வியாபாரம் தானா வரும்."

பந்தல்காரரிடம் எட்டு ஏணி வாங்கி, தெருவுக்குக் குறுக்கே கம்பி இழுத்தாயிற்று. குடையை எப்படித் தொங்க விடுவது என்று ஒரு பெரிய விவாதம்.

"வளைஞ்ச பிடியை எதுக்கு வச்சிருக்கான்? மாட்டத்தான்" என்றார் கோதண்டம். "நாப்பது வருஷமா என் கடையில அப்படித்தான் மாட்டியிருக்கேன்."

"விரிச்ச குடையைப் பிடியில மாட்டினா மல்லாந்து போயிடுமே?" என்று இழுத்தார் அம்மையப்பன்.

தலைவர் கண்ணை மூடி யோசித்தார். "குடை எப்படி வேணா இருந்துட்டுப் போகட்டும். நிழல் கீழதானே விழப்போகுது? நிழல் மல்லாந்தா விழும்?"

முப்பத்திரண்டு குடையும் வாயைப் பிளந்து வானத்தைப் பார்த்துத் தொங்கின. கீழே போய் நின்று பார்த்தார்கள். நிழல் சரியாகத்தான் விழுந்திருந்தது.

வட்டக்குளத்துக்காரன் குடையைத் தலைகீழாகக் கட்டியிருக்கிறான் என்ற சேதி சுற்றுவட்டாரமெல்லாம் பரவியது. ஐப்பசி கடைசி நாள் காலையில் பஸ் பஸ்ஸாக ஜனம் வந்து இறங்கியது. தெரு கொள்ளவில்லை. எல்லார் கையிலும் செல்போன், எல்லாரும் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்கள். கோதண்டத்துக்குத் தலைகால் புரியவில்லை. எட்டுப் பேரும் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

பதினொரு மணிக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஐப்பசி மழை பற்றிச் சொல்ல வேண்டுமா? கொட்டு கொட்டென்று கொட்டியது. ஒவ்வொரு குடையும் அண்டா மாதிரி நிறைந்தது. காற்றில் ஆடியது. ஆடினால் சும்மா இருக்குமா, ஆளைப் பார்த்துக் குடம் குடமாக ஊற்றியது. "ஐயோ, அம்மா!" என்று கூட்டம் அலறியது. மழைக்குத் தப்பிய ஆள்கூட குடைக்குத் தப்பவில்லை.

அப்புறம் என்ன, மொத்தக் கூட்டமும் குடைக்கடைக்கு ஓடியது.

"அண்ணாச்சி, ஒரு குடை!" "ஐயா, குழந்தை நனையுது, குடை குடுங்க!"

கோதண்டம் காலிக் கடையில் நின்று கையைப் பிசைந்தார். வாழ்நாளில் இத்தனை பேர் அவரிடம் குடை கேட்டதில்லை. அந்த நேரம் பார்த்து செண்பகம் வந்து சேர்ந்தாள். அவள் கக்கத்தில் நீலக் கோட்டு மூட்டை.

"நின்னு பார்க்கறீங்களே! மேல இருக்கறதை இறக்கி வித்துத் தொலைங்க!"

கோதண்டம் பெஞ்சுக்கு ஓடினார். தலைவர் கொட்டும் மழையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"இறக்கறதா? நிழல்ல ஓட்டை விழும்யா. நிபுணர் வர்ற நேரம்."

"மழையில நிழல் எதுக்குங்க?" என்று கத்தினாள் செண்பகம்.

"அப்படிச் சொல்லாதம்மா. நிழல் போட்டதிலேர்ந்து பாரு, இந்தத் தெருவுல துளி வெயில் இருக்கா?"

செண்பகம் தலையில் அடித்துக்கொண்டாள். அதற்குள் அம்மையப்பன் மேலே காட்டினார். தண்ணீர் பாரத்தில் கம்பி தொய்ந்து, அறுந்துவிடும் போல இருந்தது.

"குடையெல்லாம் நனையுதே தலைவரே, என்ன பண்றது?"

"ஒரு பொருள் மழையில நனையாம இருக்க என்ன பண்ணுவாங்க?"

"குடை பிடிப்பாங்க."

"அப்ப பிடிக்க வேண்டியதுதான்!" என்றார் தலைவர். "கோதண்டம், சங்கத்துக்கு உடனே பதினாறு குடை வேணும். விலை என்னவோ அதைக் கொடுத்துடறோம்."

"பதினாறு குடைக்கு எங்க போவேன்?"

"ஒண்ணு விட்டு ஒண்ணு இறக்குமய்யா. இறக்கினாலும் மறுபடி மேலதானே கொண்டுபோகப் போறோம்? நிழல் எங்கயும் போகாது."

இறக்கினார்கள். கோதண்டம் பதினாறு குடையையும் துடைத்து, கைகூப்பி, முறையாக சங்கத்துக்கு விற்றார். காசும் கைக்கு வந்தது. "வித்துட்டேன் செண்பகம்! ஒண்ணில்ல, பதினாறு!" என்று நடுத்தெருவில் குதித்தார். செண்பகம் என்ன சொல்வாள்? பேச்சென்றால் பேச்சு. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பெஞ்ச் காலியாகக் கூடாதே என்று ஏணிகளை பெஞ்ச் மேலேயே தூக்கி நிறுத்தினார்கள். எட்டுப் பேரும் ஏறி, கைக்கொரு குடையாக, மல்லாந்து கிடந்த பதினாறு குடைக்கும் குடை பிடித்தார்கள். குடைகள் நனையவில்லை. எட்டுப் பேரும் தெப்பமாக நனைந்தார்கள்.

கீழே கோதண்டமும் தொப்பலாக நின்றார். ஜுரம் வந்து தொலையப்போகிறதே என்று செண்பகம் மூட்டையைப் பிரித்து, தொப்பியை அவர் தலையில் கவிழ்த்து, கோட்டையும் மாட்டிவிட்டாள். கழுத்தில் விசிலும் வந்து விழுந்தது. அப்போதுதான் நிரஞ்சன் நனைந்த பூனையாக வந்து சேர்ந்தார்.

"ஐயா, ஒரு குடை இருக்குமா?"

"ஸ்டாக் தீர்ந்துபோச்சு சார்!" என்றார் கோதண்டம். இத்தனை வருஷத்தில் அவர் சொல்ல ஆசைப்பட்ட வார்த்தை அது, சொன்னதும் நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆனாலும் பாவம், நனைகிற மனுஷனை அப்படியே விட முடியுமா? "பைபாஸ்ல கிடைக்கும். ஓட்டலுக்குப் பக்கத்துக் கடை. வாங்க, வழி காட்டறேன்."

தெருமுனையில் போய் நின்று ஓங்கி ஒரு விசில் ஊதினார். கையை நீட்டி வழி காட்டினார். நிரஞ்சன் முன்னே போக, குழந்தை குட்டியோடு கூட்டம் முழுக்க அவர் பின்னால் பைபாஸுக்குப் போனது. வந்திருந்த பஸ்களையும் ஒன்றுவிடாமல் விசில் ஊதித் திருப்பிவிட்டார்.

மழை விட்டது. வெயில் வந்தது. தெருவில் ஒரு ஜீவன் இல்லை.

"கூட்டம் எங்கய்யா?" என்று ஏணி மேலிருந்து தலைவர் கேட்டார்.

"பத்திரமா அனுப்பி வச்சுட்டேன் தலைவரே. நீங்க இறங்கி வாங்க, வெயில் வந்துடுச்சு."

"வெயில் வந்ததும் இறங்கறதா? இப்பதானய்யா நிழலுக்கு வேலையே!"

அது நியாயம்தான் என்று கோதண்டத்துக்குப் பட்டது. அந்த நேரம் மச்சினன் கார் தெருவுக்குள் வந்து நின்றது. அவன் வாயெல்லாம் பல்.

"மாமா! ஓட்டல்ல நிக்க இடமில்ல. யார் விசில் ஊதினாலும் இப்படி ஒரு கூட்டம் வந்ததே இல்ல!" என்று சொல்லிவிட்டு, வந்த வேகத்தில் திரும்பிப் போனான்.

கோதண்டம் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கார் மறையும்வரை விறைப்பாக சல்யூட் அடித்தார். பிறகு செண்பகத்தின் பக்கம் திரும்பி நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டார்.

"நல்ல வேளை செண்பகம், அந்தக் குடை மட்டும் விக்காம போயிருந்தா, நாளைக்கு நான் இந்த வேலைக்குல்ல போயிருக்கணும்!"