தேயாத பிரேக்

தங்கப்பழத்துக்கு அன்று காலையிலிருந்தே மண்டைக்குள் சூடு. நாற்பத்திரண்டு வயதில் பைக் பழக வந்து ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. இன்னும் அதே நூறு சிசி வண்டி. அவருக்குப் பிறகு பயிற்சிக்குச் சேர்ந்த பொடிசுகளெல்லாம் பெரிய வண்டிக்குப் போய்விட்டன. ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகள் நாலு பேர் கொடைக்கானல் கிளம்புகிறார்கள். எல்லாரும் ஐந்நூறு சிசி. இவர் மட்டும் டுர்ரென்று கடைசியில் போனால் மானம் என்ன ஆவது?

நேராகப் பயிற்சி மைதானத்துக்குப் போனார். சொல்லிக்கொடுக்கும் எஸ்தர் இவரைவிட எட்டு வயது சின்னவர். ஷெட்டில் நிற்கும் பெரிய வண்டியை எடுக்க அவர் சரி என்றால்தான் உண்டு. மூன்று தடவை கேட்டாயிற்று. மூன்று தடவையும் இப்போது வேண்டாம் என்றுவிட்டார்.

“எனக்கு என்ன குறை? இன்னைக்குச் சொல்லியாகணும் மேடம்.”

போன வாரம் பைபாஸில் கன்றுக்குட்டி ஒன்று குறுக்கே பாய்ந்த கதையையும் எடுத்து விட்டார். பிரேக்கை ஓங்கி மிதித்தாராம். பின்சக்கரம் சர்ரென்று இழுத்துக்கொண்டு போய், வண்டி பக்கவாட்டில் திரும்பி, கன்றுக்கு ஒரு சாண் தள்ளி நின்றதாம். வேறு எவனாவது இருந்தால் விழுந்திருப்பான் என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

எஸ்தருக்கு முகம் சிவந்துவிட்டது. ஸ்பானரை எடுத்து வந்து, அவருடைய வண்டியின் இரண்டு சக்கரங்களையும் கழற்ற ஆரம்பித்தார். கேட்டது என்ன, இந்த அம்மா செய்வது என்ன என்று இவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சக்கரத்தை உரசி நிறுத்தும் பிரேக் ஷூ, இரண்டு சக்கரத்துடையதும் தரைக்கு வந்தன. பின்சக்கரத்துடையது இரண்டு தடவை மாற்றியும் தகடு தெரியத் தேய்ந்திருந்தது. முன்சக்கரத்துடையது வண்டி வாங்கும்போது ஷோரூமில் போட்டதே, இன்னும் புத்தம் புதுசாக இருந்தது.

“இது ஏன் தேயல?”

“முன் பிரேக்கைத் தொட்டாத்தானே தேயும்? தொட்டா தலைகுப்புறத் தள்ளிடும்னு எங்க அண்ணன் சொல்லியிருக்கான்.” பெருமையாகத்தான் சொன்னார்.

“நான் முதல் நாளே சொல்லிக்கொடுத்தேனே. என் கண்ணு முன்னாடி பிடிச்சுக் காட்டினீங்களே.”

“இங்க சும்மா விரலை வச்சுப்பேன்.”

“கன்னுக்குட்டி இருந்த இடத்துல ஒரு பிள்ளை நின்னிருந்தா? இன்னும் ரெண்டடி பக்கத்துல நின்னிருந்தா?”

ஒன்றரை வருஷத்தில் எஸ்தர் கத்தி அவர் கேட்டதில்லை. அந்தக் கோபத்தில் பாதி, ஏமாந்துபோன தன் மேலேயே இருந்தது.

எஸ்தர் பின்சக்கரத்துக்குப் புது ஷூ போட்டு, எல்லாவற்றையும் மாட்டி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டார்.

“அப்போ பெரிய வண்டி?” என்றார் தங்கப்பழம்.

எஸ்தர் அவருடைய சாவியையே அவர் கையில் வைத்தார்.

“இவ்வளவு நாள் பாதி வண்டிதான் சார் ஓட்டியிருக்கீங்க. அதைவிடப் பெருசு இதோ நிக்குது. முன் பிரேக்கையும் பிடிச்சு ஓட்டிட்டு வாங்க.”