ஜிகர்தண்டாவும் இரண்டாவது பம்பும்

மதுரையில் ஒரு மருந்து ஆலை. உலர்த்தும் தொட்டியிலிருந்து காற்றை உறிஞ்சும் பம்பு திணறியது.

"தொட்டியில இருந்து வர்ற குழாய் ரொம்ப ஒல்லி சார். கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன்" என்றாள் புது எஞ்சினியர் நஸ்ரின்.

"எனக்கே கணக்கா? அதே குழாய்ல கிளை போட்டு இன்னொரு பம்பை மாட்டு. சரியாகலேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!" என்று குதித்தார் மேலாளர் தனுஷ்கோடி.

நஸ்ரின் போய் அவருக்குப் பிடித்த ஜிகர்தண்டா வாங்கி வந்தாள். அதில் ஜூஸ் பாக்கெட்டின் சின்ன ஸ்ட்ராவைப் போட்டிருந்தாள். உறிஞ்சி உறிஞ்சி மேலாளரின் கன்னம் ஒட்டிப்போனது.

"இதே ஸ்ட்ராவுல துணைக்கு இன்னொருத்தரையும் உறிஞ்சச் சொல்லட்டுமா சார்?"

"ஊரே சேர்ந்து உறிஞ்சினாலும் இதுல ஏறாதும்மா!"

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"பெரிய குழாயா மாத்துங்கப்பா!" என்று வெளியே பார்த்துக் கத்தினார். பிறகு குரலைத் தணித்து, "எனக்கு ஒரு ஸ்பூன் குடும்மா" என்றார்.