சாவிக்காரன் பலகை

"எனக்குக் கொடுத்த வில்லன் சரியில்லை டீச்சர். வேற ஆளைக் கொடுங்க."

ஆவுடையப்பன் பலகையைத் தள்ளி வைத்தார்.

தில்லைநாயகி டீச்சர் அதைத் திரும்பவும் அவர் பக்கமே நகர்த்தினாள்.

"என்ன குறை அண்ணாச்சி?"

"பதினோரு வாரமா தோக்கேன். இவனை வச்சு எவனாலயும் ஜெயிக்க முடியாது."

"இவனை உண்டாக்கினவரும் இதையேதான் சொன்னாரு" என்றாள் டீச்சர்.

சீடருக்கு வயது அறுபத்தொன்று. குருவுக்கு நாற்பத்தொன்று. அம்பாசமுத்திரத்தில் இதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை. கணக்கு டீச்சராக இருந்து வேலையை விட்டவள் அவள். அவள் வீட்டு முன்னறையில் ஒரு பெரிய மேஜை. மேஜையின் மேல் ஓர் ஆட்டம். யாரையாவது மன்னிக்க முடியாமல் தவிப்பவர்கள் அங்கே வருவார்கள். அவள் உபதேசம் எதுவும் செய்வதில்லை. காப்பி கொடுப்பாள், ஆடச் சொல்வாள்.

ஆட்டத்தில் எல்லாருமே வில்லன்கள்.

மேஜை நடுவில் ஒரு சின்ன ஊர் வரைந்திருக்கும். தெருக்கள், வீடுகள், ஒரு குளம். நல்லவன் என்று ஒருத்தன் உண்டு, வெள்ளைக் காய். அவனுக்கென்று ஆள் கிடையாது. யார் வேண்டுமானாலும் அவனை அடுத்தவர்மேல் ஏவிவிடலாம். அவன் வந்து நின்றால் அந்த வில்லனின் வேலை கெட்டது.

ஆளுக்கு ஒரு பலகை. அதில் வில்லனின் படம், பெயர், கடைசி வரியில் அவன் ஆசை. அந்த ஆசை நிறைவேறினால் அவன் ஜெயித்தான்.

காயை நகர்த்தும் முன் அந்த வில்லனாகவே பேச வேண்டும். ஏன் இதைச் செய்கிறேன் என்று நியாயம் சொல்ல வேண்டும். கேட்பவர்களில் ஒருவராவது மேஜையைத் தட்டினால் காய் நகரும். எல்லாரும் தட்டினால் இன்னொரு முறை நகர்த்தலாம். ஒருவரும் தட்டாவிட்டால் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

ஆவுடையப்பன் பெரும்பாலும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

அவருடைய ஆள் சாவிக்காரன். பெரிய மீசை, தொப்பை, இடுப்பில் சாவிக்கொத்து. வீட்டு ஆட்கள் ஏழு பேரும் உள்ளே இருக்கும்போது வாசலைப் பூட்டிவிட்டால் அவனுக்கு வெற்றி.

ஆவுடையப்பனுக்கும் மீசை உண்டு, தொப்பை உண்டு. மின்வாரியத்தில் வேலைக்குச் சேரும் முன்பிருந்தே இடுப்பில் ஒரு சாவிக்கொத்தும் உண்டு. நடந்து வந்தால் அவருக்கு முன்னால் அதன் சத்தம் வரும். ஆனால் மனிதர், பாவம், அந்தப் படத்தை ஒரு நாளும் தன்னோடு சேர்த்துப் பார்த்ததில்லை.

"நீங்க சொல்லுத நியாயம் எடுபடலை அண்ணாச்சி, அதான் தோக்கீங்க" என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த நர்ஸ் ஜெபமணி. "போன வாரம் என்ன சொன்னீங்க? 'எல்லாம் அவங்க நல்லதுக்குத்தான்.' அது நியாயமா? பிரசங்கம்."

லாரி டிரைவர் கொம்பையா சிரித்தார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இவர்கள் மூவரும்தான்.

ஆவுடையப்பன் சிரிக்கவில்லை. சட்டைப் பையில் ஒரு காகிதம் இருந்தது. மகள் கல்யாணப் பத்திரிகை, அச்சாபீசிலிருந்து பிழை பார்க்க வந்தது. அதில் சித்தப்பா என்ற இடத்தில் தம்பி நல்லபெருமாளின் பெயரை அவர் மனைவி சேர்க்கச் சொல்லியிருந்தாள். வெள்ளிக்கிழமை அச்சாகிறது. அதற்குள் அந்தப் பெயரை அடித்து நீக்குவதா, இருக்கட்டும் என்று விடுவதா என்று அவர் சொல்ல வேண்டும்.

அடித்துவிட்டால் இந்த ஜென்மத்துக்கு அவ்வளவுதான். அது அவருக்கும் தெரியும்.

முதல் நாள் அவர் வந்ததே இந்தத் தம்பியால்தான்.

புதிதாக வருபவர்கள் தங்களால் மன்னிக்க முடியாத ஆளை ஒரு பலகையாகச் செய்து கொடுக்க வேண்டும். அது அந்த வீட்டு வழக்கம். சொல்லச் சொல்ல டீச்சர் தன் கையால் எழுதிக்கொள்வாள். பின்பக்கத்தில் செய்தவர் கையெழுத்துப் போட, அதன்மேல் காகிதம் ஒட்டிவிடுவாள். தன் பலகையைத் தானே ஆடக் கூடாது. அது வேறொருவர் கைக்குப் போகும். அதை வைத்து ஜெயித்தவர் மட்டும் காகிதத்தைக் கிழித்து, செய்தவர் யாரென்று பார்க்கலாம்.

"உங்க ஆளு யாரு அண்ணாச்சி?" என்று அன்று டீச்சர் கேட்டாள்.

"என் தம்பி. சுவர்க்காரன்னு போடுங்க."

"என்ன செஞ்சாரு?"

"ஒரே வீட்டுலதான் இருந்தோம். ஒரு நாள் நான் வேலைக்குப் போயிட்டு வந்து பாக்கேன், முத்தத்துக்கு நடுவுல சுவர் நிக்கி. பின்தெருவுல தனியா ஒரு வாசல் வச்சுக்கிட்டான். ஒரு வார்த்தை கேக்கலை. ஒன்பது வருஷமாச்சு. சுவருக்கு அங்கிட்டு அவன் இருமினா இங்கிட்டு எனக்குக் கேக்குது. பேச்சு கிடையாது."

டீச்சர் எல்லாவற்றையும் எழுதினாள். கடைசி வரிக்கு வந்தாள்.

"அவர் ஆசை என்ன?"

"எங்களைக் கெடுக்கணும்."

"அது உங்களுக்கு நடக்கிறது. அவருக்கு என்ன கிடைக்கணும்?"

ஆவுடையப்பன் யோசித்தார். சாவிக்கொத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டினார்.

"அவனுக்கு என்ன வேணும்னு எனக்கு எப்படித் தெரியும் டீச்சர்? ஒன்பது வருஷமா பேச்சில்லைன்னு சொல்லுதேன்."

"அதுக்கு முன்னாடி ஒரு நாப்பது வருஷம் பேசியிருப்பீங்களே?"

கடைசி வரி காலியாகவே இருந்தது.

"ஆசையில்லாத ஆளை வச்சு ஜெயிக்க முடியாதே அண்ணாச்சி. இந்தப் பலகையை எடுக்கவரு பாவமில்லையா?"

"அவரு பாடு" என்று கையெழுத்துப் போட்டார் ஆவுடையப்பன்.

அது பதினோரு வாரத்துக்கு முன்னால்.

இன்று ஆட்டம் பத்து மணிக்கு ஆரம்பித்தது.

பதினொன்றரைக்கு சாவிக்காரன் வீட்டில் ஆறு பேர் வந்துவிட்டார்கள். ஏழாவது ஆள் குளத்தங்கரையில் நின்றான். நல்லவன் இரண்டு கட்டம் தள்ளி நின்றான். ஏழாவது ஆளை உள்ளே கொண்டுவர ஒரு நகர்த்தல் வேண்டும், வாசலைப் பூட்ட இன்னொன்று வேண்டும். மூன்று பேரும் தட்டினால்தான் நடக்கும். டீச்சரின் தட்டும் கணக்கில் உண்டு.

"சொல்லுங்க அண்ணாச்சி" என்றார் கொம்பையா. "நல்லதுக்குத்தான்னு மட்டும் சொல்லிராதீங்க."

ஆவுடையப்பன் காயை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"நான் சாவிக்காரன்" என்றார். "எனக்குப் பத்தொன்பது வயசுல எங்க அப்பா கடைக்குன்னு போனாரு, திரும்பி வரலை. ரோட்டுல நெஞ்சு வலிச்சு விழுந்திருக்காரு. ராத்திரி முழுக்க வாசலைத் திறந்து வச்சுட்டு உக்காந்திருந்தோம். விடிஞ்சதும் அம்மா சாவிக்கொத்தை என் கையில கொடுத்தா. தம்பிக்கு அப்ப ஒன்பது வயசு. அன்னையிலயிருந்து தலையை எண்ணிப் பாத்துட்டுப் பூட்டினாதான் எனக்குக் கண்ணு மூடும். ஒருத்தன் குறைஞ்சாலும் கெட்ட கோவம் வரும். கோவம்னுதான் அவங்க நினைக்காங்க. எனக்குப் பயம்."

"பலகையில இதெல்லாம் எழுதலையே அண்ணாச்சி" என்றாள் ஜெபமணி மெதுவாக.

"எழுதலை. ஆனா அப்படித்தான் இருக்கும்."

அவள் மேஜையைத் தட்டினாள். கொம்பையா தட்டினார். டீச்சரும் தட்டினாள்.

ஏழாவது ஆள் உள்ளே வந்தான். சாவிக்காரன் வாசலைப் பூட்டினான்.

பதினோரு வாரம் கழித்து வந்த வெற்றி. ஆவுடையப்பன் குழந்தை மாதிரி சிரித்தார். கொம்பையாவின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். பலகையில் இருந்த மீசைக்காரனைத் தடவிக் கொடுத்தார்.

"பாவம்லா இவன்! யாரோ இவனைப் போயி வில்லன்னு எழுதி வச்சிருக்காங்க பாருங்க. யாரு டீச்சர் அது?"

"ஜெயிச்சுட்டீங்கள்லா, நீங்களே பாருங்க."

பலகையைத் திருப்பினார். நகத்தால் காகிதத்தைக் கிழித்தார்.

அடியில் ஒரு கையெழுத்து. கடைசி எழுத்துக்குப் பின் ஒரு நீளமான கோடு, அதன் கீழே இரண்டு புள்ளி. கையெழுத்து என்றால் அப்படித்தான் கம்பீரமாக இருக்க வேண்டுமென்று ஒன்பதாம் வகுப்பு படித்த தம்பிக்கு அவர்தான் போடக் கற்றுக் கொடுத்தார்.

நல்லபெருமாள்.

ஜெபமணி கொம்பையாவைப் பார்த்தாள். இருவரும் செருப்பை மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் கிளம்பிவிட்டார்கள்.

ஆவுடையப்பன் பலகையை முன்பக்கம் திருப்பினார். பதினோரு வாரமாகப் பார்த்த கடைசி வரியை இப்போதுதான் படிக்கிறவர் போலப் படித்தார்.

'ஆசை: வாசலைப் பூட்டும்போது எல்லாரும் உள்ளே இருக்க வேண்டும். ஒருத்தர் குறைந்தாலும் தூங்க முடியாது.'

"இதை அவன் சொன்னானா?"

"அவருதான் சொன்னாரு. நான் கேட்டதும் சொன்னாரு, யோசிக்கவே இல்லை."

"தெரிஞ்சுதான் இதை எனக்குக் கொடுத்தீங்களா டீச்சர்?"

"பின்னே, தெரியாமயா கொடுப்பேன்?" என்று டீச்சர் காப்பியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் குடிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. மீசை ஆடியது. ஊரில் அத்தனை பேரையும் அதட்டிய மனிதர் அவர்.

"அப்ப என் பலகை?" என்றார்.

"வியாழக்கிழமைக் கூட்டத்துல இருக்கு."

வியாழக்கிழமை காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் அவருக்கு ஞாபகம் வந்தது.

"அவனா ஆடுதான்?"

"ஆமா."

"ஆசையே எழுதலையே. அவன் எப்படி ஜெயிப்பான்?"

"ஜெயிக்க முடியாது. பதினோரு வாரமா அதையேதான் ஆடுதாரு. பின்தெருவுல ஒரு வீட்டு முன்னாடி கொண்டுபோயி காயை நிறுத்துதாரு. அங்கேயே நிக்காரு. நேரமானதும் வீட்டுக்குப் போறாரு."

"வேற பலகை கேக்கலையா?"

"கேட்டுப் பாத்தேன். வேண்டாம்னுட்டாரு. 'இவனுக்கு என்ன வேணும்னு என்னைக்காவது யாராவது எழுதுவாங்க டீச்சர், இருக்கட்டும்' அப்படின்னாரு."

ஆவுடையப்பன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். டீச்சர் எழுந்து உள்ளே போனாள். வரும்போது சுவர்க்காரன் பலகையும் ஒரு பேனாவும் கொண்டு வந்தாள்.

ஏதோ கேட்கத்தான் அவர் வாயைத் திறந்தார்.

"என்னைக் கேக்காதீங்க" என்றாள்.

தம்பிக்குக் கல்யாணமான புதிதில் நடந்தது ஒன்று அவருக்கு நினைவு வந்தது. தம்பியும் அவன் பெண்டாட்டியும் இரண்டாம் ஆட்டம் சினிமா பார்த்துவிட்டு வந்து, பூட்டிய வாசலில் நின்றார்கள். இவர் திறந்தார். திறந்துவிட்டு அரைமணி நேரம் திட்டினார். புதுப்பெண் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அப்போது தம்பி, திட்டி முடியும்வரை, அண்ணன் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆவுடையப்பன் எழுதினார். பெரிய பெரிய எழுத்து.

'ஆசை: தனக்கென்று ஒரு வாசல். அதன் சாவி தன் கையில்.'

டீச்சர் வாங்கிப் படித்தாள். மேஜையை ஒரு முறை தட்டினாள்.

வியாழக்கிழமை காலை ஸ்கூட்டர் போனது.

ஆவுடையப்பன் முற்றத்தில் சுவரோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டதற்கு எழுந்து போகவில்லை. பத்திரிகைக் காகிதம் மடியில் இருந்தது.

"நாளைக்கு அச்சு. என்ன சொல்லட்டும்? அடிக்கவா, விடவா?" என்று அவர் மனைவி மூன்று முறை கேட்டுவிட்டாள்.

"பொறு" என்றார்.

ஒரு மணிக்கு ஸ்கூட்டர் திரும்பியது. பின்தெரு வாசல் திறக்கிற சத்தம் கேட்டது. காலடிச் சத்தம் சுவரை நோக்கி வந்தது, நின்றது. ஓர் இருமல்.

அப்புறம் சுவரில் யாரோ ஒரு முறை தட்டினார்கள்.

"என்ன சத்தம் அது?" என்றாள் மனைவி.

ஆவுடையப்பன் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு எழுந்தார்.

"அச்சாபீசுக்கு போன் போடு. பேரு இருக்கட்டும்னு சொல்லு. நான் பின்தெருப் பக்கம் போயிட்டு வாரேன்."