நடுங்கும் மானும் நாடு கடந்த ஆராய்ச்சியும்

மூடுபனி இறங்கிய தாமரைக்குளத்தில் வானமும் தண்ணீரும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. கரையில் மருளி என்னும் புள்ளிமான் நடுங்கிக்கொண்டு நின்றது. செந்நாய்கள் துரத்தி, எப்படியோ தப்பி வந்த நாளிலிருந்து இந்த நடுக்கம். நாய்கள் எப்போதோ மலையேறிப் போய்விட்டன. நடுக்கம்தான் போகவில்லை. மடியில் பாலும் வற்றிவிட்டது. குட்டி முட்டி முட்டிப் பார்த்துவிட்டுச் சோர்ந்து படுத்தது.

"இப்படியே போனால் என் பிள்ளை பிழைக்காதே!" என்று மருளி கண்ணீர் விட்டது.

அந்தப் பருவத்தில் பல தேசத்துப் பறவைகள் குளத்துக்கு வந்திருந்தன. இமயத்துக்கு அப்பாலிருந்து வந்த வரித்தலை வாத்தும், வடகடல் பனிக்கரையிலிருந்து வந்த உள்ளானும், உள்ளூர் ஆமையும் கூடிப் பேசின.

"அஞ்சிய உயிர் எப்படித் தேறுகிறது? மூவரும் சேர்ந்து கண்டுபிடிப்போம்!" என்றது வாத்து.

"நமக்கு மட்டுமா? மனிதருக்கும் உதவுமே!" என்று உள்ளான் வாலை ஆட்டியது.

ஆமை கழுத்தை நீட்டியது. "ஆராய்ச்சி என்றால் சுத்தமாக இருக்க வேண்டும். மருளி அக்கா குளத்து நடுவே உள்ள திட்டில் தனியாக இருக்கட்டும். வேறு மான் வாடையே படக்கூடாது. மந்தையும் குட்டியும் கரையிலேயே நிற்கட்டும்!"

நாலு தேசம் பார்த்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பியது மருளி. பாவம்! குட்டி கூப்பிடக் கூப்பிடத் தண்ணீரைக் கடந்து திட்டுக்குப் போனது.

"மூச்சை நீளமாக இழு! அப்படித்தான் நாங்கள் பனிமலையைத் தாண்டுகிறோம்!" என்றது வாத்து. மருளி இழுத்தது. நடுக்கம் கூடியது.

"ஒற்றைக் கண்ணை மூடித் தூங்கு!" என்றது உள்ளான். மூடிய கண்ணுக்குள் செந்நாய் வந்து நின்றது.

"தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்!" என்றது ஆமை.

"எனக்கு ஏது தம்பி ஓடு?"

மூன்றும் அடுத்த வழியைத் தேடித் திட்டைச் சுற்றிச் சுற்றி வந்தன.

அப்போது காற்று சுழன்றடித்தது. கரையிலிருந்த பட்டுப்போன மருதமரம் படாரென்று முறிந்து குளத்தில் விழுந்தது. அவ்வளவுதான்! மூச்சாவது, ஒற்றைக் கண்ணாவது, ஓடாவது! மூன்று அறிஞர்களும் அலறியடித்துக்கொண்டு மருளியின் வயிற்றுக்கடியில் புகுந்தார்கள்.

காலோடு ஒட்டிய வாத்தின் நெஞ்சு படபடவென்று அடித்தது. தன் நெஞ்சைப் போலவே! மருளிக்கு மனம் இளகியது. கழுத்தை வளைத்து அவற்றை அணைத்துக்கொண்டது. "பயப்படாதீர்கள், கண்ணுகளா. வெறும் மரம்தான்," என்று ஒவ்வொன்றையும் நக்கிக் கொடுத்தது.

குட்டிக்கும் பொறுக்கவில்லை. தண்ணீரில் குதித்து நீந்தி வந்து தாயின் மடியை முட்டியது. கனவில் நிற்பது போல நின்றது மருளி. மடி மெல்லக் கனத்தது. பால் சுரந்தது!

"நடுக்கம் நின்றுவிட்டதே! எந்த மருந்தில்?" என்று கத்தியது உள்ளான்.

வாத்து தலைகுனிந்தது. "மருந்தைத்தான் நாம் முதலிலேயே கரையில் நிறுத்திவிட்டோமே! எங்கள் நாட்டில் நிலம் அதிர்ந்தபோது, மனிதர்கள் ஒரே நெருப்பைச் சுற்றி ஒட்டி உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்தேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை."

காற்றில் கலைந்த பனி மறுபடி இறங்கியது. அதற்குள்ளிருந்து மற்ற மான்கள் ஒவ்வொன்றாகத் திட்டை நோக்கி நீந்தி வந்தன. ஆமை நகர்ந்து இடம் விட்டது.

அஞ்சியவரைத் தேற்ற நினைப்பவர், முதலில் அவரைத் தனியே பிரிக்காமல் அவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.