மூங்கில் புதரைப் பிடித்த காட்டெருமை

ஓடைக்கு இந்தப் பக்கம் காட்டெருமைகள். அந்தப் பக்கம் மூங்கில் புதர். புதருக்குள் காட்டுப்பன்றிகள். இரண்டு கூட்டத்துக்கும் ஆகாது. ஆனாலும் அவரவர் இடத்தில் இருந்தார்கள்.

புலிக்கு மட்டும் இடம் என்று எதுவும் கிடையாது. எங்கே வேண்டுமானாலும் வரும். அதனால் காட்டில் ஓர் ஏற்பாடு இருந்தது. ஓடைக்கு இந்தப் பக்கம் இருந்த ஆளுயரப் புல்லுக்குள் புலியைத் தவிர யாரும் நுழைவதில்லை. மரத்து உச்சியில் மந்திகள் உட்கார்ந்திருக்கும். புல் அசைந்தால் கத்தும். எல்லோரும் ஓடுவார்கள். பதிலுக்கு, மந்திகள் தண்ணீர் குடிக்க இறங்கும்போது காட்டெருமைகள் சுற்றி நிற்கும்.

காட்டெருமைத் தலைவன் பெயர் கட்டைக்கொம்பன். அவன் மனைவி செம்பி ஒரு கன்று போட்டாள். அன்றைக்குப் போனது அவன் தூக்கம்.

"அக்கரையில சரக் சரக்குனு சத்தம் கேக்குது. பன்றிங்க பல்லைத் தீட்டுறாங்க. நம்ம கன்னுக்குட்டியைக் கிழிக்கத்தான்!" என்றான்.

"கிழங்கு தோண்டுறாங்க. பன்றி வேற என்ன செய்யும்?" என்றாள் செம்பி.

"உனக்கு ஒண்ணும் தெரியாது. அவங்க வர்றதுக்கு முன்னாடி நாம போய் அடிச்சு விரட்டிடணும்!"

காட்டைக் கூட்டினான். துணைக்கு வரச் சொன்னான்.

"பல் தீட்டினதை யார் பார்த்தது?" என்று கேட்டாள் மந்தித் தலைவி வெண்புருவி. "நான் மேலேயிருந்து தினமும் பார்க்கிறேன். கிழங்கு, சேறு, தூக்கம். அவ்வளவுதான்."

"பார்க்கிற வரைக்கும் இருந்தா கன்னு செத்திருக்கும்!"

"அவங்க வந்து முட்டட்டும். அப்ப நாங்களும் வர்றோம்," என்றது ஒரு புள்ளிமான்.

"நீ வந்து என்ன கிழிப்பே? மிரளுவே!"

"மிரளத்தான் செய்வேன். உங்க பக்கத்துல நின்னு மிரளுவேன்."

வெண்புருவி விடவில்லை. "அண்ணே, புதரைக் கலைச்சா பன்றி காத்துல கரைஞ்சிடாது. எங்கே போகும்னு யோசிச்சீங்களா?"

"எங்கேயாவது தொலையட்டும்! ஒருத்தரும் வரவேண்டாம். நாங்களே போதும்!"

மறுநாள் காலை கடாக்கள் எல்லாம் ஓடையைத் தாண்டின. வெயில் ஏறுவதற்குள் சண்டை முடிந்தது. பன்றிகள் நாலா பக்கமும் சிதறி ஓடின.

புதருக்குள் பல் தீட்டும் கல் எதுவும் அகப்படவில்லை. கிழங்குக் குழிகள் இருந்தன. ஒரு குழியில் கால் மாட்டி ஒரு கடா நொண்டியது.

"கல்லைத் தூக்கிட்டு ஓடிட்டாங்க!" என்றான் கட்டைக்கொம்பன்.

செம்பி இக்கரையிலிருந்து கூப்பிட்டாள். "அதான் ஜெயிச்சாச்சே, வாங்க!"

"எப்படி வர்றது? விட்டுட்டு வந்தா அவங்க திரும்ப வந்துடுவாங்க. பிடிச்ச இடத்தைக் காக்கணும்!"

காத்தார்கள். கடாக்கள் எல்லாம் காலிப் புதரைச் சுற்றி நின்றன. இக்கரையில் பசுக்களும் கன்றுகளும்.

பன்றிகளுக்குப் போக்கிடம் இல்லை. ஓடையைத் தாண்டி வந்து ஆளுயரப் புல்லுக்குள் புகுந்தன. அங்கே குட்டி போட்டன. அங்கேயே கிழங்கு தோண்டின. புல் காலையில் அசைந்தது. மத்தியானம் அசைந்தது. இங்கே அசைந்தது, அங்கேயும் அசைந்தது. ஒவ்வொரு அசைவுக்கும் கத்தி வெண்புருவிக்குத் தொண்டை கட்டியது. ஒவ்வொரு கத்தலுக்கும் ஓடிக் கன்றுகளுக்குக் கால் துவண்டது. மான்கள் சலித்துப்போய் வேறு மலைக்குப் போய்விட்டன.

கடைசியில் வெண்புருவி, புலியைக் கண்ணால் பார்த்த பிறகே கத்துவது என்று முடிவு செய்தாள். வேறு வழியில்லை.

ஒரு மத்தியானம் பார்த்தாள். கத்தினாள். பசுக்கள் ஓடின. கட்டைக்கொம்பனின் கன்று எழுந்து நிற்பதற்குள் புலி பாய்ந்துவிட்டது.

கட்டைக்கொம்பன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடி வந்தான். புல்லில் இரத்தம்தான் இருந்தது.

"ஏன் முன்னாடியே கத்தலே?" என்று மரத்தை முட்டினான்.

"முன்னெல்லாம் புல் அசைஞ்சா புலி. இப்ப எல்லா இடத்திலயும் அசையுது. அதுல ஒண்ணுதான் புலி, அண்ணே. மத்ததெல்லாம் நீங்க அனுப்பி வச்சது."

கட்டைக்கொம்பன் செம்பியைப் பார்த்தான். அவள் தரையை மோந்துகொண்டிருந்தாள். அக்கரையில் கடாக்கள் இன்னும் புதரைக் காத்துக்கொண்டு நின்றன.

அக்கம்பக்கத்தார் வேண்டாம் என்ற சண்டைக்குத் தனியாகப் போய் ஜெயித்தவன் வீட்டுக்குப் புதுக் காவல் வருவதில்லை. இருந்த காவலும் போய்விடுகிறது.